12 வயது ரோடோடென்ட்ரனை வேறு வீட்டுக்குப் பெயர்த்துக் கொண்டுபோகலாமா?

பின்வளவு கேட்டது:

வணக்கம். இங்கிலாந்தில் சரே பக்கம், கேம்பர்லியில் இருக்கிறோம். பின்வளவில் சிவப்புப் பூ ரோடோடென்ட்ரன் ஒன்று நிற்கிறது. நட்டு 12 வருடம், உயரம் 1.4 மீட்டர், அகலம் 1.5 மீட்டர். வீட்டை விற்றுவிட்டு கூல்ஸ்டனுக்குப் போகிறோம். சாவி கைமாறுவது ஜூன் கடைசியில். செடியைக் கிளப்பிக்கொண்டு போகலாமா, வாங்குகிற ஆட்களுக்கே விட்டுவிடுவது நல்லதா?

ஜூனில் பூ முடிந்த கையோடு கிளப்பலாம் என்று நினைக்கிறேன், சரியா? எவ்வளவு மண்ணோடு எடுக்க வேண்டும்? போன வருடம் அடியிலிருந்து இரண்டு கொப்பு எழும்பி ஊதாப் பூ பூத்தது, அது ஏன்? புது வீட்டு மண்ணில் வெள்ளைக் கல் நிறையத் தெரிகிறது. கந்தகத் தூள் போட்டால் சரிவரும் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?

---

வேர்க்கால்:

கொண்டுபோகலாம். 12 வயது இந்தச் செடிக்கு ஒரு வயதே இல்லை. ரோடோடென்ட்ரனுக்கு ஆணிவேர் கிடையாது. மெல்லிய இழைவேர்கள் ஒன்றோடொன்று பின்னி, மேல்மண்ணில் 25–30 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே தாம்பாளம் மாதிரி பரந்து கிடக்கும். அந்தப் பின்னலே மண்ணைப் பிடித்துக்கொள்வதால் தாய்மண் (வேரோடு சேர்ந்து வரும் மண்கட்டி) உதிராமல் வந்துவிடும். இதே வயதுள்ள மக்னோலியாவையோ பைன் மரத்தையோ பற்றிக் கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் ஜூன் வேண்டவே வேண்டாம். பூ முடிந்ததும் இளந்தளிர் விடும் நேரம் அது. தளிர் வழியே நீர் போய்க்கொண்டே இருக்கும், அறுபட்ட வேரால் ஈடு கொடுக்க முடியாது. அடுத்த வருட மொட்டும் கோடையில்தான் உருவாகிறது. இந்த ஊரில் அக்டோபர் முதல் நவம்பர் தொடக்கம் வரை முதல் தரமான காலம். மண்ணில் சூடு இருக்கும், மழையும் இருக்கும். அதை விட்டால் மார்ச், தளிர் மொட்டு விரியுமுன். இப்போது பெப்ரவரி என்பதால் உங்களுக்கு மார்ச்தான். மார்ச்சில் கிளப்பிப் பெட்டியில் வைத்து, ஜூனில் வண்டியில் ஏற்றி, அக்டோபரில் இறுதி இடத்தில் வையுங்கள்.

கிளப்புமுன் ஒரு சட்ட விஷயம். நிலத்தில் நிற்கும் செடி வீட்டோடு சேர்ந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விற்பவர் நிரப்பும் டிஏ10 படிவத்தில் மரம், செடி, புதர்களுக்குத் தனி வரி இருக்கிறது. இந்தச் செடி விற்பனையில் சேராது என்று அங்கே எழுதி, சொலிசிட்டருக்கும் தெரியப்படுத்துங்கள். ஒப்பந்தம் பரிமாறிய பிறகு சொல்லாமல் தோண்டினால் வாங்கினவர் நஷ்டஈடு கேட்கலாம். விளம்பரப் படத்தில் அந்தச் செடி பூத்து நின்றால் இன்னும் சிக்கல்.

ஊதாப் பூ வந்தது ஒட்டுச்செடி என்பதால். பழைய கலப்பினங்கள் பலவற்றை ரோடோடென்ட்ரன் பொன்டிகம் வேரில்தான் ஒட்டினார்கள். ஒட்டுக்குக் கீழிருந்து எழும்பும் கொப்பு பொன்டிகம், விட்டால் சில வருடத்தில் சிவப்பை அமுக்கிவிடும். கத்தரியால் வெட்டினால் அடியிலுள்ள உறங்கு மொட்டுகளிலிருந்து மூன்று நான்காக வரும். மண்ணை விலக்கி, வேரிலிருந்து புறப்படும் இடம் வரை போய், கீழ்நோக்கி இழுத்துப் பிய்க்க வேண்டும். தோண்டும்போது அந்த இடம் கண்ணுக்குத் தெரியும், அப்போதே செய்துவிடுங்கள். பிய்த்ததைப் பக்கத்துத் தோப்பில் வீசாதீர்கள். பொன்டிகம் இங்கே காடுகளை மூடிவரும் அந்நியச் செடி, 1981 வனவிலங்குச் சட்டத்தின் 9ஆம் அட்டவணையில் இருக்கிறது. இலையில் கிரேயனோடாக்சின் என்ற நஞ்சும் உண்டு. ஆடு, நாய்க்கு எட்டாமல் வையுங்கள்.

இனித் தோண்டும் முறை.

இரண்டு நாள் முன்னதாக வேர்ப்பகுதி முழுதும் ஊறும்படி தண்ணீர் விடுங்கள். கேம்பர்லியில் இருப்பது பேக்ஷாட் மணல். காய்ந்திருந்தால் வேரைவிட்டு உதிர்ந்துவிடும். தோண்டும் நாளில் கொப்புகளை மேல்நோக்கி அணைத்து, மெல்லிய கயிற்றால் கீழிருந்து சுற்றிக் கட்டுங்கள். குளிர்நாளில் கிளை படக்கென்று முறியும், அவசரம் வேண்டாம். தண்டில் மண் தொடும் உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு பிறகு வேலைக்கு வரும்.

உங்கள் செடிக்குத் தாய்மண் குறைந்தது 80 செ.மீ. விட்டம், 30 செ.மீ. ஆழம். தண்டிலிருந்து 40 செ.மீ. தள்ளி வட்டம் போட்டுக்கொண்டு, வட்டத்துக்கு வெளியே முதலில் ஃபோர்க்கால் மெல்லக் குத்திப் பாருங்கள். அங்கும் இழைவேர் அடர்த்தியாக இருந்தால் வட்டத்தை 10 செ.மீ. பெரிதாக்குங்கள். பிறகு வட்டத்தின் வெளிப்பக்கம் ஒரு ஸ்பேட் அகலத்துக்குக் கிடங்கு வெட்டி, 30 செ.மீ. இறங்கியதும் ஸ்பேடைச் சாய்த்து அடியை நாலாபக்கமும் அறுத்துக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். ஸ்பேடின் முதுகு செடியைப் பார்த்து இருக்க வேண்டும், நெம்பினால் தாய்மண் பிளக்கும். விரல் தடிப்புள்ள வேர் வந்தால் வாளால் அறுங்கள்.

செடி ஆடத் தொடங்கியதும் ஒரு பக்கம் சாய்த்து, பாதி சுருட்டிய சணல் சாக்கை அடியில் தள்ளி, மறுபக்கம் சாய்த்து விரித்தெடுங்கள். நாலு மூலையையும் தண்டருகே இறுக்கிக் கட்ட வேண்டும். தண்டைப் பிடித்துத் தூக்கவே கூடாது. 80 செ.மீ. விட்டத்தில் கிண்ண வடிவத் தாய்மண் என்றால் சுமார் 100 லீட்டர், ஈர மணலோடு 140 கிலோ வரும். நாலு பேர் சாக்கைப் பிடித்து, கிடங்கின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டி, பலகை போட்டு இழுத்தால் ஏறிவிடும்.

ஜூன் வரை வைத்திருக்க 1200 × 1000 மி.மீ. பாலட் (சரக்கு வைக்கும் மரத்தட்டு) ஒன்றும், அதே அளவுள்ள மரச் சட்டம் இரண்டும் வாங்குங்கள். பாலட் காலர் என்று விற்பார்கள், ஒவ்வொன்றும் சுமார் 20 செ.மீ. உயரம். உள்ளே களைத்தடுப்புத் துணி விரித்து, 5 செ.மீ. மரப்பட்டைத்தூள் போட்டு, சாக்கோடு செடியை வைத்து, சுற்றிலும் பட்டைத்தூள் நிரப்புங்கள். 60 லீட்டர் மூட்டை ஐந்து பிடிக்கும். பெட்டி வீட்டின் வடக்குப் பக்கம், காற்றில்லாத நிழலில் இருக்கட்டும். ஏற்றும் நாளில் எல்லாம் சேர்ந்து 280–300 கிலோ இருக்கும். பின்னால் தூக்குமேடை (டெயில் லிஃப்ட்) உள்ள வண்டியும், பாலட்டைத் தூக்கி உருட்டும் கைவண்டியான பாலட் டிரக்கும் தேவை. பாலட் டிரக் சரளையில் ஓடாது, பிளைவுட் போட்டுக்கொள்ளுங்கள். வீடு மாற்றித் தரும் பல நிறுவனங்கள் செடிக்குப் பொறுப்பேற்பதில்லை, முன்பே கேளுங்கள். திறந்த வண்டியானால் இலை முழுதையும் துணியால் மூடுங்கள். வேகக் காற்று இலையைச் சீக்கிரம் உலர்த்திவிடும்.

---

சுண்ணமேடு:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் உங்கள் செடி பிழைப்பதும் சாவதும் கிளப்புவதில் இல்லை, கூல்ஸ்டன் மண்ணில் இருக்கிறது. கேம்பர்லி மணல் இயல்பிலேயே அமில மண். கூல்ஸ்டன் நிற்பது நார்த் டவுன்ஸ் சுண்ணாம்புப் பாறைமேல். ரோடோடென்ட்ரனுக்கு வேண்டியது பிஎச் (மண்ணின் அமில, கார அளவு, 7க்குக் கீழே அமிலம்) 4.5 முதல் 5.5 வரை. சுண்ணாம்பு மண் 7.5க்கு மேலே இருக்கும்.

இருந்தாலும் வெள்ளைக் கல்லை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கையில் எடுத்துப் பாருங்கள். கையில் மாவு ஒட்டினால், விரல் நகத்தால் கீறுப்பட்டால் சுண்ணாம்பு. மேலே வெள்ளைத் தோலும் உடைத்தால் உள்ளே கறுப்புக் கண்ணாடியுமாக இருந்தால் ஃபிளின்ட், அதற்குச் சுண்ணாம்புக் குணம் இல்லை. அந்தப் பக்கம் மேட்டின் உச்சிகளில் சுண்ணாம்புக்கு மேல் ஃபிளின்ட் கலந்த களிமண் படலம் உண்டு. அது பல இடங்களில் அமிலமாகவே இருக்கும். சரிவிலும் பள்ளத்திலும் சுண்ணாம்பு வெளியே வந்துவிடும். ஒரே தெருவில் மேட்டு வீட்டுக்காரர் அமில மண் கேட்கும் கமீலியா வளர்ப்பார், பள்ளத்து வீட்டுக்காரரால் முடியாது.

சோதனை எளிது. 10 செ.மீ. ஆழத்திலும் 30 செ.மீ. ஆழத்திலும் ஒவ்வொரு கரண்டி மண் எடுத்து உலர்த்தி, வினிகர் விடுங்கள். நுரைத்தால் மண்ணில் கரையாத சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள், பேச்சு முடிந்தது. நுரைக்காவிட்டால் பிஎச் கிட் வாங்கி அளவெடுங்கள். அக்கம்பக்கத்து ஹைட்ரேஞ்சியாவையும் கவனியுங்கள். நிலத்தில் நின்று, மருந்து போடாமலே நீலமாகப் பூத்தால் அமில மண். எல்லா வீட்டிலும் ரோஜா நிறமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கந்தகத்துக்கு வருவோம். நடுநிலை மண்ணில் பிஎச்சை அரைப் புள்ளி, ஒரு புள்ளி இறக்கக் கந்தகம் உதவும். மண் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன, மாதக்கணக்கில் நடக்கும் வேலை. சுண்ணாம்பு மண்ணில் நடக்காது. கணக்குப் போடுங்கள்: ஒரு சதுர மீட்டர், 30 செ.மீ. ஆழம், சுமார் 400 கிலோ மண். அதில் சுண்ணாம்பு 1 சதவீதமே என்றாலும் 4 கிலோ. அதைக் கரைக்க மட்டும் 1.3 கிலோ கந்தகம் வேண்டும். 30 சதவீதம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 38 கிலோ. கடையில் விற்பது ஒன்றிரண்டு கிலோ டப்பா! அதுவும் கரைந்த மறுவருடமே கீழ்ப்பாறையிலிருந்து திரும்ப ஏறும்.

அதேபோல, பெரிய கிடங்கு வெட்டி எரிகேசியஸ் கம்போஸ்ட் (அமில மண் செடிகளுக்கான கலவை) நிரப்பி நடலாம் என்று ஒரு யோசனை எப்போதும் வரும். இரண்டு மூன்று வருடம் நன்றாக இருக்கும். பக்கத்திலிருந்து சுண்ணாம்பு நீர் ஊறும், மண்புழு கலக்கும், பிறகு இலை மஞ்சளாகும். களிமண்ணானால் அந்தக் கிடங்கே குளமாகி வேர் அழுகும்.

நுரைத்தால் உங்களுக்கு இரண்டே வழி. ஒன்று, நிலத்துக்கு மேலே பெட்டி. இரண்டு, செடியைக் கேம்பர்லியிலேயே விட்டு, ஒகஸ்ட்–அக்டோபரில் கொப்புத் துண்டுகளை வெட்டி, வேர்பிடிக்க வைக்கக் கொண்டுபோவது. நீங்கள் ஜூனிலேயே போவதால், புது வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு நாள் வந்து வெட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் முதல் வழி. நல்ல வளர்ந்த செடி, ஏற்கெனவே பெட்டியில்தான் இருக்கப்போகிறது.

---

குன்னூர் அசேலியா:

இங்கிலாந்து மண் பற்றி நான் பேசவில்லை, இரண்டு குறிப்பு மட்டும்.

பட்டைத்தூளுக்குப் பதில் தென்னை நார்க்கழிவு போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். தனியாகப் போட வேண்டாம். அதன் பிஎச் 5.5 முதல் 6.5 வரை நிற்கும், மலிவானதில் உப்பும் இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, மட்கிய பைன் பட்டையோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் போதும்.

இந்தத் திரியை நீலகிரி, கொடைக்கானலில் இருந்து படிப்பவர்களுக்கு: ஊட்டி, குன்னூர் தோட்டங்களில் அசேலியா, ரோடோடென்ட்ரன் பெயர்க்க ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்த முதல் வாரங்கள் தோது. தேயிலை விளையும் மண்ணே அமிலம்தான், கந்தகம் தேவையில்லை. இங்கே எதிரி தேங்கும் நீர், மேடு போட்டு நடுங்கள். சோலை ஓரத்திலும் புல்வெளியிலும் நிற்கும் காட்டுப்பூவரசு வேறு கதை. நம் மலையின் சொந்த ரோடோடென்ட்ரன் அது, இலங்கையில் ஹோட்டன் சமவெளியில் இருப்பதன் உறவு. காட்டிலிருந்து கிளப்பச் சட்டம் இடம் தராது, கிளப்ப வேண்டிய அவசியமும் இல்லை. விதை தூசி போல இருக்கும். ஈரப் பாசிமேல் தூவி, மண் போட்டு மூடாமல் வெளிச்சத்தில் வைத்தால் முளைக்கும்.

---

பின்வளவு:

எல்லோருக்கும் நன்றி. கூல்ஸ்டனில் வினிகர் விட்டுப் பார்த்தோம், இரண்டு ஆழத்திலும் நுரைத்தது. கல்லும் கையில் மாவாக ஒட்டுகிறது. ஆகவே பெட்டிதான். அந்த பாலட் பெட்டியையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா? மொட்டு நிறைய இருக்கிறது, கிள்ள வேண்டுமா? இன்னொன்று, இலை ஓரமெல்லாம் டிக்கெட்டில் துளை போட்டதுபோல் கடித்திருக்கிறது.

---

வேர்க்கால்:

கடைசிக் கேள்விதான் முதலில். அது வைன் வீவில் வண்டு. இலையை வண்டு கடிப்பது பார்க்க அசிங்கம், அவ்வளவே. ஆபத்து மண்ணுக்குள் இருக்கும் புழு. வெள்ளை உடல், பழுப்புத் தலை, கால் இல்லை, வளைந்து கிடக்கும். நிலத்தில் பெரிய செடிக்கு அது பெரிய சேதம் செய்யாது. ஆனால் பெட்டிக்குள் வந்தால் இழைவேரையும் தண்டின் அடிப்பட்டையையும் தின்றே கொன்றுவிடும். கிளப்பும்போது தாய்மண்ணின் வெளி ஓரத்தைப் பார்த்துக் கண்டதைப் பொறுக்குங்கள். ஒகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பரில் நூற்புழு மருந்து (வண்டின் புழுவைக் கொல்லும் நுண்ணிய புழுக்கள்) வாங்கி நீரில் கலந்து ஊற்றுங்கள். ஸ்டைனர்நெமா கிராஸி என்ற வகை, மண் 5 டிகிரிக்கு மேல் இருந்தால் வேலை செய்யும். உயிருள்ள சரக்கு அது, வாங்கியதும் பயன்படுத்த வேண்டும். மண் முன்னும் பின்னும் ஈரமாக இருக்கட்டும்.

மொட்டு: கிள்ளுங்கள். நுனியில் உருண்டு பருத்திருப்பது பூமொட்டு, ஒல்லியாகக் கூர்ந்திருப்பது இலைமொட்டு. பருத்ததை மட்டும் பக்கவாட்டில் மடக்கினால் ஒடிந்து வரும். ஆசைக்கு நாலைந்து விடலாம், அவை வாடியதும் விதை பிடிக்குமுன் கிள்ளிவிடுங்கள்.

பாலட் பெட்டி நிரந்தரத்துக்கு உதவாது. மெல்லிய பைன் பலகை ஈரத்தில் சில வருடத்தில் உளுத்துவிடும். அக்டோபரில் 5 செ.மீ. தடிப்புப் பலகையால் 1.5 மீட்டர் சதுரம், 45 செ.மீ. உயரத்தில் பெட்டி கட்டுங்கள். கிட்டத்தட்ட 1000 லீட்டர் கொள்ளும். அடியில் முதலில் 5 செ.மீ. ஃபிளின்ட் அல்லது கிரானைட் சரளை. சுண்ணாம்புச் சரளையை மறந்தும் போடாதீர்கள். அதன்மேல் நீர் இறங்கும் துணி, பிறகு எரிகேசியஸ் கம்போஸ்ட் பாதி, மட்கிய பைன் பட்டை கால், இலைமக்கு கால் என்ற கலவை. இலைமக்கும் சுண்ணாம்பு மண் தோட்டத்தில் கூட்டியதாக இருக்கக் கூடாது.

இப்போது அந்தச் சாக்பீஸ் கோடு. தாய்மண்ணின் மேல்முகம் கலவையைவிட 3 செ.மீ. உயர்ந்து நிற்கும்படி வையுங்கள், கலவை எப்படியும் அமுங்கும். கோட்டுக்கு மேலே மண் ஏறவே கூடாது. பெயர்த்து நட்ட ரோடோடென்ட்ரன் சாவதற்கு ஆழ நட்டதுதான் அடிக்கடி காரணம். மேல்வேருக்குக் காற்றுப் போகாது, தண்டின் பட்டை அழுகும். சாக்கின் கட்டை அவிழ்த்து மேல்பாதியை வெட்டி எடுங்கள், அடிச் சாக்கு உளுத்துப்போகட்டும். நிரப்பும்போது காலால் மிதிக்காமல் தண்ணீர் விட்டே அமுக்குங்கள். கடைசியில் பைன் பட்டை அல்லது பைன் ஊசியிலை 7 செ.மீ. மூடாக்கு, தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டு. காளான் பண்ணைக் கழிவு, அடுப்புச் சாம்பல், எலும்புத்தூள் மூன்றும் இந்தச் செடிப் பக்கமே வரக் கூடாது. முதல் வருடம் பசளையும் தேவையில்லை. களை பிடுங்குவது கையால்தான், கொத்தினால் மேல்வேர் அறும்.

---

சுண்ணமேடு:

தண்ணீர் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பகுதிக் குழாய்நீர் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வருவது, கெட்டிலில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அதையே ஊற்றினால் பெட்டிக்குள்ளும் பிஎச் வருடா வருடம் ஏறும். கூரைக் குழாயில் 200 லீட்டர் மழைநீர்த் தொட்டி இரண்டு பொருத்துங்கள். 40 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 400 லீட்டர் விழும், வீணானது போக இரண்டு தொட்டியும் ஏறக்குறைய நிரம்பும். மழையில்லாத வாரத்தில் செடிக்கு 20–25 லீட்டர், அனல் அடித்தால் இரட்டிப்பு. தொட்டி வறண்டுபோனால் குழாய்நீரையே ஊற்றுங்கள். சில வாரக் குழாய்நீரால் செடி சாகாது, தாகத்தால் சாகும்.

ஊற்றும் இடமும் முக்கியம். முதல் இரண்டு கோடையில் வேர் இன்னும் பழைய தாய்மண்ணுக்குள்தான் இருக்கும். சுற்றிலுமுள்ள கலவை ஈரமாக இருக்க, நடுவிலுள்ள மணல்கட்டி காய்ந்து நீரை ஒட்டவிடாமல் நிற்கும். விரலைத் தண்டருகே 8 செ.மீ. விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் சொட்டுக் குழாயைத் தண்டிலிருந்து ஒரு முழத்துக்குள் வட்டமாகப் போட்டு மெல்ல ஊறவிடுங்கள். ஒகஸ்ட், செப்டம்பரில் தண்ணீர் தவறினால் மறுவருடப் பூமொட்டு பழுத்து உதிரும்.

உறைபனி நாளில் இலை சுருட்டுப்போல் சுருண்டு தொங்கும். அது குளிருக்குச் செடி செய்வது, வெயில் ஏறினால் விரியும், தண்ணீர் ஊற்ற வேண்டாம். வெப்பமான நாளில் சுருண்டு மறுநாள் காலையும் விரியவில்லை என்றால் தாகம். மண் ஈரமாக இருந்தும் வாடினால் தண்டின் அடிப்பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் பொறுத்திருங்கள். பழுப்பாக இருந்தால் ஃபைடோஃப்தோரா வேரழுகல், அந்தப் பெட்டி மண்ணில் மறுபடி இந்த இனத்தை வைக்காதீர்கள். இலைக்காம்பிலிருந்து நடுநரம்பு வழியாகக் கறுப்பு ஏறினால் ஃபைடோஃப்தோரா ரமோரமாக இருக்கலாம். இங்கிலாந்தில் அரசின் தாவர நலத் துறைக்கு அறிவிக்க வேண்டிய நோய் அது. இதற்கு மார்ச்சிலேயே இலைகளை ஒருமுறை பாருங்கள். இருந்தால் கேம்பர்லியை விட்டு நகர்த்தாதீர்கள்.

நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகத் தளிரில் தெரிந்தால் இரும்புக் குறை. பிஎச் ஏறிவிட்டது என்று பொருள். செலேட் இரும்பு (செடி உறிஞ்சும்படி வேறொரு பொருளோடு கட்டிய இரும்பு) வாங்கும்போது டப்பாவில் இடிடிஎச்ஏ என்று இருக்கிறதா பாருங்கள். இடிடிஏ வகை மலிவு, ஆனால் சுண்ணாம்பு நீர் ஏறிய மண்ணில் அது இரும்பைக் கைவிட்டுவிடும். ஏப்ரலில் ஒரு முறை மழைநீரில் கலந்து ஊற்றி, பெட்டி மண்ணின் பிஎச்சையும் அளந்து வையுங்கள். 6ஐத் தாண்டியிருந்தால் அப்போது கந்தகம் போடலாம், ஒரு சதுர மீட்டருக்கு 50–70 கிராம், மூடாக்கை விலக்கித் தூவி மறுபடி மூடுங்கள். பெட்டிக்குள் கரையாத சுண்ணாம்பு இல்லாததால் அங்கே அது பலிக்கும்.